வெங்கடம்மாள் உட்கார்ந்த கச்சேரி

வெங்கடம்மாளை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் விசிறிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். பனையோலை விசிறி. பழைய நூல்சேலையை நாடாவாகக் கிழித்து, மடித்து, ஓலையின் விளிம்பைச் சுற்றிப் பிடித்துக் கெட்டி நூலால் தைத்தார். தைத்து முடித்ததைக் காதருகே கொண்டுபோய் வீசிப் பார்த்தார். ஓலை சரசரத்தால் பிரித்து மறுபடியும் தைத்தார். பக்கத்தில் இன்னும் ஒரு கூடை விசிறி இருந்தது.

நான் அவருடைய கணவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள். பையைக் கீழே வைப்பதற்குள், "இத்தனை விசிறி எதுக்குங்க? ஃபேன் ஓடறதில்லையா?" என்று கேட்டேன்.

"ஃபேனெல்லாம் நல்லாத்தான் ஓடுமுங்க்கா. நாங்கதான் நிறுத்திப்போடுவோம்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மே மாதச் சனிக்கிழமைகளில் அந்த வீட்டு முன்ஹாலில் கச்சேரி நடக்கும். மேடை கிடையாது, மைக் கிடையாது. வாசிப்பவர் ஜமுக்காளத்தில் உட்காருவார். கேட்பவர்கள் அவரைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலிகளில். மைக் இல்லாமல் வீணையும் புல்லாங்குழலும் கேட்க வேண்டுமானால் வேறெதுவும் இரையக் கூடாது. அதனால் மின்விசிறி, ஃபிரிட்ஜ், மாடித்தொட்டி மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். கோடையில் ஜன்னல் வழியாக வருவது அனல்தான். ஆளுக்கொரு விசிறி கொடுத்துவிடுவார்கள்.

இந்த விதியைப் போட்டவர் வெங்கடம்மாளின் கணவர் வெங்கடபதி. பம்ப்செட் செய்து பிழைத்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வார். "வாரம் பூரா மோட்டாரைத்தான் கேக்கறேன். சனிக்கிழமை சாயங்காலமாச்சும் அது வாயை மூடட்டும்" என்பாராம். ஒரு வருடம் விசிறிகளின் சரசரப்புக்கும் முகத்தைச் சுளித்தார். அடுத்த வருடத்திலிருந்து இந்த ஓரம் தையல்.

வெங்கடம்மாள் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்தபோது கணவரின் ஒர்க்‌ஷாப் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை லேத்தோடு இருந்தது. மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்ற ஆள் கிடைக்காமல் இவரே உட்கார்ந்து சுற்றினார். மகன் பவனை மடியில் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறார். அதைப் பெருமையாகச் சொல்லமாட்டார். வார்னிஷ் நெடியில் பிள்ளைக்கு இருமல் வந்தது என்று குறையாகத்தான் சொல்வார். பிறகு ஒர்க்‌ஷாப் பெரிதாகி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. பவன் படித்து சிங்கப்பூர் போனான்.

கச்சேரி நடக்கும்போது வெங்கடம்மாளின் இடம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் நடையில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில். கரண்ட் போய் வந்தால் தொட்டி மோட்டார் ஆட்டோ ஸ்டார்ட்டரால் தானாகக் கிளம்பும். யாராவது பழக்கத்தில் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். முதல் வருடத்திலிருந்து இவர்தான் நின்றார். நின்றபடியாவது கேட்டாரா என்றால், ஒரு காது அடுப்பில், ஒரு காது மோட்டாரில்.

"எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க்கா. நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன்," என்றார் என்னிடம்.

வெங்கடபதிக்கு நுரையீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிற வியாதி. மருந்து நாளைத் தள்ளிப்போடும், குணமாக்காது. டாக்டர் இதை மறைக்காமல் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அறைக் காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் இரவும் பகலும் இரையும், நடுநடுவே புஸ்ஸென்று பெருமூச்சு விடும். மோட்டார் சத்தமே ஆகாத மனிதருக்கு மோட்டாரால்தான் மூச்சு.

கச்சேரிகளை இந்த வருடம் விட்டுவிடலாம் என்று பவன் போனில் சொன்னான். அவர் கேட்கவில்லை. ஆனால் மே மாதம் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினோடு படுத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் கச்சேரி நடந்தது. அவருக்கு அந்த இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கடைசிக் கச்சேரி நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நான் அறைக்குள் போனால் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவர்கள் மரியாதை அப்படி.

"இஸ்மத்தக்கா, கடைசி வாரம் வீணை. அதையாச்சும் ஹால்ல உக்காந்து கேக்கோணும். சத்தமில்லாம மூச்சு உட வழியிருக்குதுங்களா?"

"சிலிண்டர் வெக்கலாமுங்க. சத்தம் வராது. ஆனா தீந்துபோகும்."

"கச்சேரி முடியற வரைக்கும் வந்தாப் போதும்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "அம்மணி, நீயும் வந்து பக்கத்துல உக்காரு."

"நா உக்காந்துட்டா சுச்சு போர்டை ஆரு பாக்கறது?"

"அக்கா பாக்கட்டும்."

"பலகாரம்?"

"அது தானா வேகும்."

"ஆமா, இத்தனை வருசமும் தானாத்தான் வெந்துது," என்று சொல்லிவிட்டு வெங்கடம்மாள் போனார். போனவரை வெகுநேரம் காணவில்லை. தேடிப் போனேன். பீரோவைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். "மொடமொடங்கற சேலை வேண்டாமுங்க்கா. அசைஞ்சாச் சத்தம் போடும்," என்றார்.

சிலிண்டர்காரரிடம் நான் இரண்டு கேட்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் சின்னது ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றது சாயங்காலத்துக்குள் வரும் என்றார். வரவில்லை. இருப்பது ஒரு கச்சேரிக்குச் சரியாக வரும், ஒரு சொட்டு வீணாக்க முடியாது என்று கணவன் மனைவி இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

வீணை வாசிக்க மைசூரிலிருந்து ஷ்ரவ்யா என்று ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். முதல் தந்தியின் சத்தம் அறைக்குள் வந்ததுமே வெங்கடபதி மெஷினைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இன்னும் கச்சேரி ஆரம்பிக்கலீங்க," என்றேன்.

"சுருதி சேக்கறாங்கல்லொ," என்றார். பாங்கு சொல்லும்போது பேசினால் என் அத்தா பார்க்கும் பார்வையைப் பார்த்தார். சிலிண்டருக்கு மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

சுருதி சேர்ந்துவிட்டது. ஆட்களும் வந்துவிட்டார்கள். அந்த நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் கணக்குச் சரியாக இருந்திருக்கும். அப்போது வெங்கடம்மாள் சந்தவைத் தட்டுகளோடு வந்தார், இடியாப்பம் மாதிரிப் பிழிந்த பலகாரம்.

"சாப்புட்டுட்டு உக்காருங்க. இப்பத்தான் புழிஞ்சது."

"இருக்கட்டும் தங்கச்சி, முடிஞ்ச பொறவு பாத்துக்கலாம்," என்றார் பாலுசாமி. ஒற்றை லேத் காலத்திலிருந்து வெங்கடபதிக்குக் கூட்டாளி, எல்லாக் கச்சேரிக்கும் முன்வரிசை.

"முடிஞ்சா ஆறிப்போயிருமுங்கண்ணா. ஆறுன சந்தவையை உங்க ஊட்டு எருமகூடத் தொடாது."

"நம்ம எருமைய இந்த வருசம் இன்னும் விசாரிக்கலையேன்னு பாத்தேன். செரி, குடுங்க."

பாலுசாமி வாங்கியதும் அடுத்தவரும் வாங்க வேண்டியதாயிற்று. "வெறும் வயித்துல வாசிக்கப்படாது கண்ணு" என்று ஷ்ரவ்யாவுக்கும் ஒரு தட்டு. அவள் போதும் போதும் என்று கையை மறித்தாள். மேலே இன்னொரு கரண்டி தேங்காய்ப்பால் விழுந்தது. அவள் சாப்பிட்டு முடித்து, பெரியவர் சொன்னால் தொடங்குகிறேன் என்று வெங்கடபதியைப் பார்த்தாள். அவர் பாலுசாமியின் தட்டைப் பார்த்துவிட்டு, "அவிய சாப்புடட்டும் கண்ணு, ஒண்ணும் அவசரமில்லை," என்றார். பாலுசாமியோ, வாசிக்கிற பெண்ணுக்கே இன்னும் காப்பி வரவில்லையே, நாம் முந்திக்கொண்டு எழுந்திருப்பதா என்று தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். நான் சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெங்கடம்மாளை நடையில் மறித்தேன். "கேஸ் போய்ட்டே இருக்குதும்மா. ஆரம்பிக்கற வரைக்கும் மெஷினுக்கு மாத்திரட்டுமா?"

"இத்தனை பேரு முன்னால அதைப் போட்டா அவரு ஒடிஞ்சு போயிருவாருங்க்கா. காப்பி மட்டும் குடுத்துப்போடறேன். சித்த நேரம்."

காப்பியும் ஆளாளுக்கு ஆற்றித்தான் கொடுத்தார். வாசலேறி வந்தவரை வெறும் வாயோடு உட்காரவைக்க அவருக்குத் தெரியாது.

ஒருவழியாக எல்லாரும் கை கழுவினார்கள். நான் போர்டுக்குப் போய் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்தினேன். ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. வெங்கடம்மாள் ஒரு நைந்த நூல்சேலையில் வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், எடுத்தார். பிறகு விசிறியை எடுத்து அவருக்கு வீச ஆரம்பித்தார். அவர் அந்த விசிறியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஷ்ரவ்யா வாசித்தாள். வீணையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. தந்தியில் விரல் நகரும் உரசல்கூட நான் நின்ற இடம்வரை வந்தது. வெங்கடபதியின் மூச்சு சீராக இருந்தது, உதட்டில் நீலம் இல்லை. வெங்கடம்மாள் தாளம் போடவில்லை, தலையாட்டவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியில் வேலை செய்த கை, கம்பியில் வேலை செய்யும் கையைப் பார்த்தது.

இரண்டு சின்ன உருப்படிகள் முடிந்து பெரியதைத் தொடங்கினாள். அது பாதி வருவதற்குள் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. நான் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, அவர் புரிந்துகொண்டார். பாலுசாமிக்கும் புரிந்தது. குனிந்து, "நாயுடு, மெஷினை இங்கயே கொண்டாரட்டும். ஆரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க," என்றார் காதோடு.

வெங்கடபதி தலையை அசைத்து மறுத்தார். அறைக் கதவைக் காட்டினார்.

வெங்கடம்மாள் கூடவே எழுந்தார். அவர் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தி உட்காரச் சொன்னார். வெங்கடம்மாள் உட்காரவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி மெஷினைப் போட்டேன். இரைச்சலில் வீணை போய்விட்டது. அவருக்கு மூச்சு நிதானமாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நா பலகாரத்தைப் பொறவு போட்டிருக்கோணும்," என்றார் வெங்கடம்மாள்.

அவர் கதவுப் பக்கம் கையை நீட்டினார். "வெளிய போயி என்ன வாசிக்கறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும்? ராகம் பேரா தெரியும்?"

"போ அம்மணி."

போனார். இரைச்சல் ஹாலுக்குள் போய்விடாமல் கதவைச் சட்டென்று சாத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து வந்தார்.

"பெருசு முடிஞ்சுபோச்சு. இப்ப, கரண்ட் போனா வாசல்ல உக்காந்து முணுமுணுப்பீங்களே, அது."

வெங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார். "காபி ராகம்," என்றார். "அடுத்தது?"

மறுபடி போய்விட்டு வந்தார். "பவன் பொறந்தப்ப ஆசுபத்திரி வராந்தாவுல நடந்துட்டே பாடுனீங்க. நர்சு வந்து சத்தம் போட்டாங்கல்லொ, அது."

"நீ உள்ள வலியில கெடந்தே. உனக்கெப்புடித் தெரியும்?"

"வலிச்சாக் காது கேக்காதுங்களா?"

"ஆனந்தபைரவி," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை போனவர் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"இது நீங்க பாடி நான் கேட்டதில்லீங்க."

"எப்படி இருக்குது?"

"சொல்லத் தெரியலீங்க. நல்லா இருக்குது. நின்னுபோட்டேன்."

"பேரு தெரியாட்டிப் போவுது," என்றார் அவர். பிறகு, "உக்காந்து கேட்டியா?"

"நின்னுட்டுத்தானுங்க."

"அடுத்த வருசம் உக்காந்து கேளு."

"நீங்களும்தான்," என்றார் வெங்கடம்மாள். வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. வந்தவர்கள் கதவருகே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

விடியும் நேரத்தில் அவர் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. வெங்கடம்மாளை எழுப்பி உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள், அதனால் ஓட்டமும் கூச்சலும் இல்லை. வெளிச்சம் வரும்போது மூச்சு நின்றது. நாடி பார்த்தேன். டாக்டருக்குச் சொன்னேன். கண்ணை மூடிவிட்டுத் தாடையைக் கட்டினேன். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடம்மாள் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

"சந்தவையிலதான் எல்லாம் போச்சுங்க்கா," என்றார்.

"சிலிண்டர் தீந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கம்மா. நேத்து முழுக்கக் கேட்டிருந்தாலும் இன்னைக்கு இப்படித்தான்."

"தெரியுமுங்க்கா. ஆனா கச்சேரி போச்சுல்லொ."

வெந்நீர் வைத்தேன். இரண்டு பேருமாக அவரைத் துடைத்து வேட்டி மாற்றினோம்.

பவன் வந்து சேர சாயங்காலம் ஆகும் என்று தெரிந்தது. பாலுசாமி மளமளவென்று வேலை பார்த்தார். ஹாலில் ஜமுக்காளத்தைச் சுருட்டி, வீணை இருந்த இடத்தில் பெஞ்சைப் போட்டு உடலைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். உறவுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஐஸ் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர்கள் அதைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கி, குளிர்ந்துகொண்டிருக்கட்டும் என்று பிளக்கைச் சொருகினார்கள். கம்ப்ரஸர் கிளம்பியது.

பின்கட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த வெங்கடம்மாள் ஈரத் தலையோடு வந்தார்.

"என்னங்கண்ணா இது சத்தம்?"

"ஐஸ் பெட்டி, தங்கச்சி. பவன் வர வரைக்கும் இந்த வெயிலுக்குத் தாங்கோணுமல்ல."

"நிறுத்தச் சொல்லுங்க."

"அதெப்படி தங்கச்சி—"

"இந்த ஹால்ல மோட்டார் ஓடக்கூடாதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா? நேத்து இங்க மோட்டார் வேண்டாமுன்னு கச்சேரியையே உட்டுட்டு உள்ள போனாரு. இப்ப எந்திரிச்சுப் போக அவரால ஆகாது."

பெண்கள் பக்கத்திலிருந்து, பாவம், அதிர்ச்சியில் பேசுகிறது என்று ஒரு குரல் கேட்டது. பாலுசாமி என்னைப் பார்த்தார். "நடக்குமுங்களா அக்கா?"

"நடக்கும். பெட்டி வரதுக்கு முன்னாடி ஆளுங்க சாகாமயா இருந்தாங்க? ஐஸ் பாளமும் மரத்தூளும் கொண்டாங்க. அடியில வைக்க ஒரு பெரிய தகர ட்ரே வேணும்."

ஒர்க்‌ஷாப்பில் காயில்களை வார்னிஷில் முக்கும் ட்ரே இருந்தது. அதைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். பாலுசாமி வேனை எடுத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்கே போனார். பெட்டிக்காரர்கள் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாளங்கள் வந்ததும் நான் சாக்கு விரித்து, தூள் போட்டு, உடலுக்கு அடியிலும் இரு பக்கமும் அடுக்கினேன். உருகும் தண்ணீர் ட்ரேயில் இறங்கும்படி பெஞ்சின் ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன்.

நான் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வெங்கடம்மாள் நடைக்குப் போயிருந்தார். ஃபேன்களை நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். தொட்டி மோட்டாரை நிறுத்தினார். பழக்கத்தில் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஹாலில் புழுக்கம் ஏற ஆரம்பித்தது. வந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்கள். நான் மூலையிலிருந்த கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். ஒவ்வொருவராக ஆளுக்கொரு விசிறி எடுத்துக்கொண்டார்கள். ஓரம் கட்டியவை, சரசரக்கவில்லை.

"போய் உக்காருங்கம்மா," என்றேன்.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவிட்ச் போர்டுப் பக்கம் நான் நின்றுகொண்டேன்.